அடைப்புக்குறிக்குள் சதிர்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் வண்டி, மத்தியான வெயில், கூடை கூடையாக மல்லிகை. எதிரே ஒரு பெண் உறங்கிக்கொண்டிருந்தாள். மடியில் அவள் விரல்கள் மட்டும் விழித்திருந்தன. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறாளா, நாட்டிய முத்திரை பிடிக்கிறாளா என்று இறங்கும்வரை எனக்குத் தெரியவில்லை. பூ வாசத்தில் நானும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தேன்.

2

அவளுக்கு ராக்கம்மாள் என்று பெயர் வைத்தேன். வருஷம் 1957. சின்னாளபட்டியில் ஒரு நெசவாளியின் மனைவி.

ராக்கம்மாள் சலங்கையைக் கையில் எடுத்தபோது, பழைய நினைவுகள்...

(வேண்டாம். சலங்கையை எடுத்தால் அழுதே ஆகவேண்டும். இவள் அழுகிறவள் இல்லை.)

மறுபடி. ராக்கம்மாள் பிறந்தது கோயிலில் சதிர் ஆடிய குடும்பத்தில். சட்டம் வந்தது, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவது நின்றது. நல்லதுதான், அவளும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் கூடவே அவள் ஆட்டமும் நின்றது. அதே ஆட்டம் பட்டணத்தில் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டு மரியாதையாக மேடை ஏறியது. சதிர் என்ற பழைய பெயர் மட்டும் வசவாக ஊரில் தங்கிவிட்டது. அவள் எந்த வீட்டுப் பெண் என்பது சின்னாளபட்டியில் கணவனுக்கு மட்டுமே தெரியும். பள்ளிக்கூடம் போகும் மகள் ஜோதிமணிக்குக்கூடத் தெரியாது.

3

திண்டுக்கல்லில் ஒரு வாசகசாலைக்குச் செயலாளர் அழகர்சாமி. (இவர்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. ரொம்ப நல்லவராக வந்து நிற்கிறார்.) சிறுமியாக அவள் ஆடியதைப் பார்த்தவர். ஆண்டு விழாவில் ஆட அழைத்தார்.

"பரதநாட்டியம்னு போட்டுக்கிருவோம் தாயி. பழைய பேரு வேணாம்."

"பேரு என்னமும் இருக்கட்டும்ண்ணே. காலு மறந்துருச்சான்னு பாக்கணும். அம்புட்டுத்தான்."

பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று அழகர்சாமி நோட்டீஸில் தெளிவாக எழுதிக் கொடுத்தார்: பரதநாட்டியம் (சதிர் அல்ல). பேகம்பூர் அச்சகத்தில் சாகுல் ஹமீது எழுத்துக் கோத்தார். வரி அடங்கவில்லை. ஒரு சொல்லை எடுத்தார், அடங்கிவிட்டது.

பரதநாட்டியம் (சதிர்)
ராக்கம்மாள், சின்னாளபட்டி

அழகர்சாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே," என்றார் சாகுல் ஹமீது. "'அல்ல' எதுக்கு, எடத்த அடைச்சுக்கிட்டு?"

(கதையில் உண்மை பேசியவர் இவர் ஒருவர்தான். அதுவும் இடப் பற்றாக்குறையால்.)

அழகர்சாமி சின்னாளபட்டிக்கு ஓடினார். "வேற நோட்டீஸ் அடிச்சுப்புடலாம் தாயி. மெட்ராஸ்ல ஆடப் படிச்சேன்னு மட்டும் மேடையில ஒரு வார்த்த சொல்லிரு."

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: புது நோட்டீஸ் வருகிறது. மெட்ராஸில் படித்தவளாக ராக்கம்மாள் ஆடுகிறாள். நல்ல கைதட்டல். ஜோதிமணி பள்ளிக்கூடத்தில் பெருமையாக நடக்கிறாள், அம்மா யாரென்று தெரியாமலே.

இரண்டு: பழைய நோட்டீஸே இருக்கிறது. அவள் பழைய முறையில், உட்கார்ந்தபடியே, ஒரு பதப் பாட்டுக்கு முகத்தாலும் கையாலும் அபிநயிக்கிறாள். விளக்குகளும் நாற்காலிகளும் மெல்ல மிதக்கின்றன. எங்கிருந்தோ மல்லிகை வாசம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஜோதிமணியின் பக்கத்தில் யாரும்...

(இதற்குமேல் எழுத மனம் வரவில்லை.)

5

ஆகையால் அவளை இரண்டு முடிவுக்கும் முந்தின மத்தியானத்திலேயே நிறுத்துகிறேன். அழகர்சாமி பதிலுக்காக வாசலில் நிற்கிறார். ராக்கம்மாள் சேலையைக் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போடுகிறாள். தெருவில் யாரோ கொடுத்த நோட்டீஸோடு ஜோதிமணி உள்ளே வருகிறாள்.

"அம்மா, ஒன் பேரு போட்டுருக்கு. சதிர்னா என்னம்மா?"

விரலில் சுற்றிய நூல் நின்றது. ராக்கம்மாள் அழகர்சாமியைப் பார்க்கவில்லை.

"செத்த நேரம் இருடி," என்றாள். நூலை அறுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தவரைக்கும்தான் என்னால் முடிந்தது. அடுக்களைக்குப் போகிறாளா, அங்கேயே முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கிறாளா? எனக்கு அவள் ஆட வேண்டும். ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டியவன் நானில்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல்தான் அடங்கும். என்ன எழுதினாலும் ஜோதிமணி எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

பரதநாட்டியம் (                    )