நுஹாத்துக்கு ஓலை வாசித்த கதை

திராட்சை இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நுஹாத் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கூரிய்யே, சிரிக்கக் கூடாது. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

கூரிய்யே என்றால் சாமியாரின் மனைவி. எங்கள் மாரோனைட் கிறிஸ்தவ சபையில் கல்யாணமானவரும் குருவாகலாம். என் வீட்டுக்காரர் மிலாத் சாமிதான் இந்த மலையூருக்குப் பங்குக் குரு. ஊர்க்காரர்கள் அவரிடம் பாவத்தைச் சொல்வார்கள், மற்றதையெல்லாம் என்னிடம் சொல்வார்கள்.

நுஹாத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. புருஷன் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தானியோஸ். அவரும் தனிக்கட்டை. முழங்கால் வலி தீர்ந்தால் மே மாதம் முழுக்கப் கன்னியாஸ்திரியான புனித ரீத்தம்மாளின் கறுப்பு அங்கியை உடுத்துவதாக நுஹாத் நேர்ந்திருந்தாள். வலி தீர்ந்தது, உடுத்தினாள். பூசைக்கு அவள் மலையேறி வருவதைப் பார்த்துத் தானியோஸ் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்.

"ஏறுங்க சிஸ்டர்."

"சிஸ்டரா? கண்ணாடியத் துடைச்சுப் போடுங்க. நான் நுஹாத்."

அதற்குப் பிறகு தினமும் அந்த பஸ்தான். மாதக் கடைசியில் தானியோஸ் கேட்டாராம்: "நாளையோட இந்த அங்கியக் கழட்டிருவீங்கல்ல? அப்புறமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேக்கறது."

"சாமி உடுப்புல இருக்கறவங்ககிட்ட அதக் கேக்க முடியாதுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளும்தான்.

சிக்கல் அவள் மகள் ரோலாவால் வந்தது. பெய்ரூத்தில் வேலை. எங்கள் நாட்டில் பதிவுக் கல்யாணத்துக்கு வழியில்லாததால், நதீம் என்ற பையனோடு சைப்ரஸுக்குப் போய் அதைச் செய்துகொண்டவள். நதீம் கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். நம்பாத ஒன்றின் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றுவிட்டான். நுஹாத் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டு வாசலையும் இன்றுவரை மிதிக்கவில்லை. ரோலாதான் ஞாயிறுகளில் தனியாக வந்து போவாள்.

ரோலா அடுத்து வந்த ஞாயிறு நானும் நுஹாத் வீட்டில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் ரோலாவுக்குச் சந்தோஷம்தான். "நல்ல மனுஷன்மா. ஆனா இந்த வயசுல கோவில், ஓலை, கிரீடமெல்லாம் எதுக்கு? பேசாம அவர் வீட்டுக்குப் போய் இரு. இந்தக் காலத்துல யார் கேக்கப் போறா?"

"கடவுள் கேப்பார்."

"அவருக்கு வேற வேலையே இல்லையா?"

"என் விஷயத்துல இல்ல. அவர் முன்னால சொல்லாம ஒரு ஆம்பளையோட ஒரே கூரைக்குக் கீழ என்னால தூங்க முடியாதுடி."

ரோலாவின் முகம் மாறியது. "அப்ப நான் தூங்கறேனே? என் கல்யாணத்துக்கு நீ வந்தியா? உன் கல்யாணத்துக்கு மட்டும் நான் எதுக்கு வரணும்?" பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் நுஹாத் மிலாத் சாமியிடம் வந்து அழுதாள். "நான் செஞ்சது தப்பா சாமி?"

"சைப்ரஸுக்குப் போகாதது உன் மனசாட்சி. அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் அவர். "மக வீட்டுக்குப் போகாததுக்கு நீயே ஏதாவது காரணம் சொல்லு பாப்போம்."

நுஹாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தானியோஸைத் தேடிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை தானியோஸ் பெய்ரூத்துக்கு பஸ்ஸை எடுத்தார். நுஹாத் கறியும் கோதுமையும் இடித்து, ஒரு தட்டு நிறைய கிப்பே உருண்டை சுட்டு மடியில் வைத்துக்கொண்டாள். துணைக்கு நானும் போனேன். நதீம்தான் கதவைத் திறந்தான். எங்களைப் பார்த்துத் திகைத்து, "வாங்கம்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டான். ரோலா சமையலறை வாசலிலேயே நின்றாள்.

நுஹாத் சுற்றி வளைக்கவில்லை. "இங்க பாரு, உங்க பதிவுக் கல்யாணத்த என் மனசு இன்னிக்கும் ஒத்துக்கல. பொய் சொல்ல நான் வரல."

"இதச் சொல்லவா மலையிறங்கி வந்தே?"

"இல்ல. உன் வீட்டு வாசல மிதிக்காம இருந்தேனே, அத எந்தப் புனிதரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. அது என் சொந்த வீம்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். உன்கிட்டயும், இந்தப் பையன்கிட்டயும்."

ரோலா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். காபி பொங்கி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. நதீம் போய் அணைத்தான். பிறகு அம்மாவும் மகளும் அங்கேயே கட்டிக்கொண்டு நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தானியோஸ் கிப்பேயை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்றான் நதீம்.

கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தபோது பின்வரிசையில் கொஞ்சம் கிசுகிசுப்பு இருந்தது. ரோலாதான் சாட்சி என்று தெரிந்ததும் அது கூடியது. "அவளே கோவில்ல கட்டிக்காதவ, அவ எப்படிச் சாட்சி நிக்கலாம்?" என்று சிலர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள்.

"பாக்கக் கண்ணும் கேக்கக் காதும் இருக்கறவங்க சாட்சி நிக்கலாம்," என்றார் அவர். "பொறணி பேச வாய் இருக்கறவங்க பாட்டுக்குழுவுல சேரலாம். ஆள் குறைவா இருக்கு."

சிலுவைத் திருநாள் கழிந்த ஞாயிறு கல்யாணம். ரோலா அம்மாவுக்குத் தலை சீவி, பூ வைத்துக் கூட்டிவந்தாள். நதீம் கதவோரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று யாரும் இழுக்கவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. எங்கள் சபை வழக்கப்படி மிலாத் சாமி மணமக்களுக்குக் கிரீடம் வைத்தபோது அது தானியோஸின் வழுக்கையில் நிற்காமல் காதுவரை இறங்கியது. கோவிலே சிரித்தது. நதீமும் சிரித்தான். நுஹாத் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

ரோலாவும் நதீமும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். நுஹாத்தும் அப்படியேதான். ஆனால் இப்போது ஒரு வாரம் அவர்கள் மேலே வருகிறார்கள், மறு வாரம் இவர்கள் கீழே போகிறார்கள்.

போன வாரம் நுஹாத் என்னிடம் புருஷனைப் பற்றிக் குறை சொல்ல வந்தாள். குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாராம். ஜெபமாலை சொல்லும்போது பாதியிலேயே குறட்டை விடுகிறாராம். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் தெருவிலிருந்து தானியோஸ் கூப்பிட்டார்.

"வர்றேன், வர்றேன், தீயா பிடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.