தும்மாதவளுக்கு இருபத்தொன்று

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எட்டு விசைத்தறி ஓட்டும் ஏகாம்பரத்துக்கு விடிந்தால் தும்மல். கண் திறக்குமுன்பே பதினைந்து, இருபது. தறிக்கூடத்துப் பஞ்சுதான் என்றார்கள் தெருவில். மனைவியின் மிளகாய்த் தாளிப்புதான் என்று அவர் சாதித்தார்.

"நான் அடுப்பே பத்த வெக்கல, அதுக்குள்ள தும்மிக்கினு கீறீங்க," என்றாள் கன்னிகா. பழியைச் சுமக்க மனமில்லாமல் அவரைத் திருப்பதிக்கு இழுத்துப் போய் ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்தாள். ஊசியைக் கண்டதும் அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். "எனக்கும் சேத்தே எடும்மா," என்று நர்ஸிடம் முதலில் தன் கையை நீட்டினாள்.

மூன்றாம் நாள் போனில் ரிப்போர்ட் வந்தது. தூசிப்பூச்சிக்கு நேரே ஏகாம்பரத்துக்கு எட்டரை, கன்னிகாவுக்கு இருபத்தொன்று.

டாக்டரைப் பார்க்கப் போன பஸ் வடமாலபேட்டை தாண்டும்வரை அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நோவு உனுக்குதான். எனக்கு பாஸ் மார்க்கே வரல."

"இத்தினி வருசத்துல நான் தும்மிப் பாத்துகீறீங்களா?"

"உள்ளாற கீது. வெளிய வரல."

டாக்டர் மோகனப்ரியா கன்னிகாவை விசாரித்தார். தும்மல் இல்லை, மூக்கொழுகல் இல்லை, இளைப்பும் இல்லை. "அப்போ உங்களுக்கு வைத்தியம் வேணாம்."

"மேடம், அவளுக்குதான் நம்பரு ஜாஸ்தி," என்றார் ஏகாம்பரம்.

"சூடண்டி," என்று தெலுங்கில் தொடங்கினார் டாக்டர். "நம்பரை மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாது. பூச்சியை ரத்தம் அடையாளம் கண்டு வெச்சிருக்குன்னுதான் அர்த்தம். அவங்க ரத்தம் நல்லா தெரிஞ்சும் சும்மா இருக்கு. உங்களுது கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு தினம் சண்டைக்குப் போகுது."

"இவரு ரத்தமாச்சே," என்றாள் கன்னிகா.

தறிக்கூடத்தில் தும்மல் வருமா என்று டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தால் அங்கே வருவதில்லை. படுக்கையில்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் நாம் உதிர்க்கும் தோலைத் தின்று வாழ்கிறது என்றார் டாக்டர். மெத்தைக்கு ஜிப் வைத்த உறை, விரிப்புகளுக்கு வாராவாரம் சுடுதண்ணீர், மூக்குக்கு ஸ்பிரே.

வெளியே வந்ததும் ஏகாம்பரத்துக்குத் தெம்பு திரும்பியது. "அது உங்க நைனா குடுத்த மெத்த."

"துன்றது உங்க தோல."

உறை வந்தது. புரண்டால் பாலிதீன் பை போலச் சரசரத்தது. இரண்டு நாள் பொறுத்த கன்னிகா மூன்றாம் நாள் பாயோடு வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். தும்மல் மூன்று நான்காகக் குறைந்தும் ஏகாம்பரத்துக்குத் தனியே தூக்கம் பிடிக்கவில்லை. பத்தாம் நாள் அவரும் அவள் பக்கத்தில் பாயை விரித்தார்.

மெத்தை மட்டும் கட்டிலில், ஜிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டு ராஜபோகமாகப் படுத்திருக்கிறது.