விட்டுப்போன கால்

புரூஃப்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். அச்சகத்தில் முப்பது வருஷமாகப் பிழை பார்க்கிற உத்தியோகம். பாடப் புத்தகமோ விளம்பர நோட்டீஸோ, எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். ஒரு கொம்போ சுழியோ புள்ளியோ அவரை ஏய்த்துவிட்டுப் போக முடியாது. அதிலும் கால் விட்டுப்போனால் மனுஷனுக்குப் பொறுக்கவே பொறுக்காது. 'பாடம்' 'படம்' ஆகிவிட்டால், டைப் அடிக்கிற பெண்ணை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். "ஒரு கால்தானே சார்" என்று அவள் இழுத்தால், "உன் கால்ல ஒண்ணு போனா, ஒண்ணுதானேன்னு சும்மா இருப்பியா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் கோட்டை விட்ட கதை இது.

அவர் மனைவியைத் தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும். முன் அறையில் தையல் மெஷின், பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் டெய்லரம்மாவின் அண்ணன் வேலை மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் இருபது வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியை இரவல் வாங்கி, இரண்டு பேரும் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய் வருவார்கள். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள், திரும்புவார்கள். அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனால் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் டெய்லரம்மாவின் முகம் மாறிவிடும்.

ஐம்பத்து மூன்று வயதில் புரூஃப்காரருக்கு அந்த வண்டியை உயிர்ப்பிக்கிற ஆசை வந்தது. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் அவர்.

"நாமளே பிரிச்சு, நாமளே மாட்டுவோம். ஓட ஆரம்பிச்சதும் முதல் ரவுண்டு நீயும் நானும்தான். பாலம் வரைக்கும்."

"ம்" என்றாள் டெய்லரம்மா. நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே தன் பட்டன் டப்பாக்களையெல்லாம் காலி பண்ணிக் கொடுத்துவிட்டாள்.

கழற்றுகிற ஒவ்வொன்றும் ஒரு டப்பாவுக்குள் போனது. டப்பாவில் என்னவென்று எழுதி ஒட்டுவது அவள் வேலை. வண்டிப் பாஷை அவளுக்குத் தெரியாது, தெரிந்த பாஷையில் எழுதினாள். ஹேண்டில்பார் சாமான்களுக்கு 'கை'. ஹேண்டில் வந்து சேருகிற மூட்டுக்குக் 'கழுத்து'. டேங்க் போல்ட்டுகளுக்கு 'வயிறு'. பின்னால் உட்காருகிறவர் பாதம் வைக்கிற இரண்டு கம்பிகளைக் கழற்றியபோது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு 'என் கால்' என்று எழுதினாள். புரூஃப்காரர் எல்லா டப்பாவையும் வரிசையாகப் படித்துப் பார்த்து, "பிழை ஒண்ணும் இல்ல, பாஸ்" என்றார்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. அவர் தட்டினார், நெம்பினார், திட்டினார். "மல்லுக்கட்டாதீங்க. எண்ணெயை விட்டுட்டுப் பேசாம இருங்க, அதுவா வரும்" என்றாள் அவள், தையல் மெஷினோடு பழகின புத்தியில். ஒன்பது நாள் பேசாமல் இருந்தார், வந்தது. டேங்குக்குள் துருவை எடுக்க ஒரு பிடி நட்டையும் டீசலையும் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். சத்தம் தாங்காமல் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டேங்க் கீழே விழப் பார்த்தது. அந்த ஐந்தாறு மாதம் அவர்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு, அவ்வளவு கலகலப்பு.

இதற்கு நடுவில்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இதே மாடல் வண்டி, ஒற்றை சீட்டு, பின்பக்கம் நறுக்கென்று முடிந்துவிட்டது.

"பின்னாடி இருக்கறதெல்லாம் சும்மா வெயிட்டு சார். அறுத்துப் போட்டுட்டா வண்டி அம்சமா இருக்கும்."

புரூஃப்காரருக்கு அந்தப் படம் தலைக்கேறிவிட்டது. டெய்லரம்மா துணி கொடுக்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, வாடகைக் கட்டிங் மெஷினை வைத்து வண்டிச் சட்டத்தின் பின்பாகத்தை அறுத்துத் தள்ளிவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

புது சீட்டுக்குப் பலகையும் ஸ்பாஞ்சும் தயாரானதும் மெஷின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "இதுக்கு ஒரு கவர் தைச்சுக் கொடு."

அவள் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்."

அவள் டேப்பை எடுத்து அளந்தாள். அளந்த பிறகும் கொஞ்ச நேரம் டேப்பை மடக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டு நாளில் கவர் வந்தது. கருப்பு ரெக்ஸின், ஓரமெல்லாம் இரட்டைத் தையல், சீட்டின் முன்பாகத்தில் கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் பின்னால் ஒன்றரை அடி தொங்கியது. புரூஃப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருபத்தாறு வருஷத்துல உனக்கு அளவு தப்பி இன்னைக்குத்தான் பாக்கறேன். உனக்கும் வயசாகுது, என்ன? வெட்டிடவா?"

"வெட்டாதீங்க. உள்ள மடிச்சு விடுங்க. பின்னாடி பிரிச்சுக்கலாம்."

வளர்கிற பிள்ளைகளின் சட்டைக்கு அவள் அப்படித்தான் துணி விடுவாள். சீட்டு வளருமா என்று இவர் கேட்கவில்லை. மடித்து, அடிப்பக்கம் வரிசையாக ஆணி அடித்துவிட்டார். அன்றிலிருந்து டெய்லரம்மா கொட்டகைப் பக்கம் வரவில்லை. கேட்டால், "தைக்க நிறையக் கிடக்கு" என்பாள். இந்த மனுஷன் அதையும் நம்பினார். மட்டி.

நாலு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி ஸ்டார்ட் ஆனது. பதினெட்டாவது உதைக்கு. புரூஃப்காரருக்குக் கை கால் ஓடவில்லை. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, ஏறி உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"வா வா. பாலத்துக்குப் போலாம்."

டெய்லரம்மா மெஷினை மூடினாள். முகம் கழுவி, தலையை வாரி, கதவைப் பூட்டிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். "ஏறு" என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தட்டினார். கையில் டயர் பட்டது.

திரும்பவும் தடவிப் பார்த்தார். டயர்தான்.

"நீங்க போயிட்டு வாங்க. பாலம் எங்கயும் போயிடாது" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் கொட்டகைக்குப் போனார். டப்பாக்கள் எல்லாம் காலியாகத் திறந்து கிடந்தன. அலமாரியில் ஒன்றே ஒன்று மட்டும் மூடினபடி இருந்தது. முதல் தடவை வண்டி பிரிக்கிறவனுக்கு நாலு சாமான் மிச்சமாவது சகஜம் என்று அதைத் தள்ளி வைத்திருந்தார். எடுத்துப் படித்தார். 'என் கால்.'

டெய்லரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்காமல். அவர் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மடிப்பு பிரிந்து ரெக்ஸின் அவர் மடிமேல் விழுந்தது. யாரும் பார்க்கப்போகாத அந்த ஒன்றரை அடிக்கும் அவள் இரட்டைத் தையல்தான் போட்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணும் கலங்கிவிட்டது.

"கால் விட்டுப்போச்சு" என்றார்.

"இப்பத்தான் தெரியுதா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ஒன்றரை அடி துணியில சொன்னேன். நீங்க அதை மடிச்சு ஆணி அடிச்சிட்டீங்க."

அவள் குனிந்து அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த டயர்க் கரியை ஒரு வெட்டுத் துணியால் துடைத்துவிட்டாள்.

"அறுத்ததை ஒட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

"புதுக் குழாய் வளைச்சு வெல்டிங் பண்ணலாம். கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

"அப்ப நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் நடந்து வரேன்."

"அதெப்படி? முதல் ரவுண்டு நீயும் நானும்னுல்ல சொன்னேன்."

சீட்டைப் பழையபடி மாட்டி, ஆறு மாதம் பாடுபட்டு ஸ்டார்ட் பண்ணின வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரர் விட்டுவிடுவாரா?

"என்ன சார், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"ஜம்முனு ஆகுதே."

"அப்புறம் ஏன் தள்றீங்க?"

"ஒரு பிழை இருக்கு. திருத்திட்டு வரோம்" என்றார் புரூஃப்காரர்.

டெய்லரம்மா 'என் கால்' டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்னால் தொங்கின துணி சக்கரத்தில் மாட்டாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.