கடல் மேப்பில் செஞ்சி இல்லை

செஞ்சிக்காரன் ஒருத்தன் பாய்மரப் படகு வாங்கினால் ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? நாலு பக்கமும் பாறை. மழை வந்தால் ஏரியில் தண்ணீர் நிற்கும், வராவிட்டால் அங்கே கிரிக்கெட் நடக்கும். இப்படிப்பட்ட ஊரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் தனசேகரன், புதுச்சேரியில் ஒரு பழைய படகை வாங்கிப் போட்டுவிட்டான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனுக்குக் கேப்டன் என்று பேர் வைத்து, கப்பல் எப்போது திண்டிவனம் ரோட்டில் வரும் என்று விசாரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்தான். சிரிக்காத ஒரே ஆள் அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி.

அவளுக்குப் படகு மேல் கோபம் இல்லை. தனசேகரன் பன்னிரண்டு வருஷம் துபாயில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்தவன். பணக்காரர்களின் படகுகளுக்கு வயர் இழுப்பது, மெஷின் பொருத்துவது, பொருத்தியது சரியாக ஓடுகிறதா என்று கடலில் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்பது, இதுதான் அவன் பிழைப்பு. அத்தனை வருஷம் அடுத்தவன் படகைத் துடைத்தவனுக்குத் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை இருக்காதா? அங்கே கூட வேலை பார்த்த ரஞ்சித் இப்போது புதுச்சேரியில் ஃபைபர் வேலை செய்கிறான். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். இருபதடி நீளம், ஒரு பாய், பின்னால் ஒரு சின்ன மோட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் போய் ஓட்டிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அவளுக்கு இருந்தது பயம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை வரும் போனை நம்பி உட்கார்ந்திருந்தவள் அவள். ஒருமுறை அவன் போன் தண்ணீரில் விழுந்து தொலைய, மூன்று வாரம் ஒரு சேதியும் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறானா, எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல், கேட்கிறவர்களிடம் நன்றாக இருக்கிறார் என்று பொய் சொல்லிக்கொண்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன நாட்கள் அவை. அதை இன்னொரு தரம் அவளால் தாங்க முடியாது. அதனால் சண்டை போடாமல் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியணும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு எங்க வேணா போங்க. இல்லன்னா படகை வித்துடுங்க."

தனசேகரன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். படகு எங்கே நிற்கிறது என்று கடல் மேப்பில் காட்டுகிற ஜிபிஎஸ் பிளாட்டர், அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிற சோனார், இரண்டும் ஒரே ஸ்கிரீனில் வருகிற மாதிரி கிடைக்கும் என்றான். கைக்கு அடக்கமான விலையில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அவள் கேட்டது கிடைத்த மாதிரிதான் என்றான். ஜெயக்கொடிக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஆராய்ச்சி. போனிலேயே மேப் வருகிறதே, எதற்குத் தண்டச் செலவு என்று ரஞ்சித் இழுத்தான். போன் வெயிலில் சூடாகி அணைந்துபோகும், ஈரக் கையால் தொட்டால் தாறுமாறாக ஓடும் என்று சொல்லி தனசேகரன் அவன் வாயை அடைத்தான். ஆனால் பெரிய ஸ்கிரீன் மேல் அவனுக்கே ஒரு சபலம். கடையில் கல்லாவைப் பார்ப்பது ஜெயக்கொடி. எந்த இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறவளும் அவள்தான். அந்தப் பெரிய ஸ்கிரீன் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்டாள். சொன்னான். படகில் இருக்கிற பேட்டரி எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னான். நாள் பூரா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி வரும்போது மோட்டாரை வாயால் ஊதியா ஸ்டார்ட் பண்ணுவீர்கள் என்று கேட்டாள். பெரிய ஸ்கிரீன் அதோடு ஒழிந்தது.

தொட்டு ஓட்டுகிற ஸ்கிரீன் வேண்டாம், அழுத்துகிற பட்டன் இருந்தால் ஈரக் கைக்கும் கேட்கும் என்று அடுத்தபடி முடிவானது. வெயிலில் எழுத்து தெரியுமா என்று விசாரித்தார்கள். நம்ம கடற்கரை மேப் உள்ளேயே வருகிறதா, தனியாக வாங்கவேண்டுமா என்று துருவிக் கேட்டதில், இருப்பதிலேயே மலிவாகத் தெரிந்த ஒன்று கழன்றுகொண்டது. அதற்கு மேப்பையும் சேர்த்து வாங்கினால் அடுத்த மாடல் விலை வந்துவிடுகிறது. சோனாருக்காகப் படகில் ஓட்டை போடவேண்டுமா என்று ஜெயக்கொடி பதறினாள். வேண்டாம், ஃபைபரின் உள்பக்கமாகவே ஒட்டிவிடலாம், மெஷின் அனுப்புகிற சத்தம் ஃபைபரைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வரும் என்றான். மீன் கூட்டத்தைக் கலர் கலராகக் காட்டுகிற வசதியை இருவரும் சேர்ந்தே தள்ளினார்கள். மீன் வேண்டுமென்றால் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து பேசி ஒரு பொருளை வாங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஜெயக்கொடிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பார்சல் வந்ததும் தனசேகரன் அதைத் தூக்கிக்கொண்டு தொண்டூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு ஓடினான். அண்ணன் கிணற்றில் சோனாரை இறக்கிப் பார்த்தான். கயிறு விட்டு அளந்ததும் மெஷின் சொன்னதும் ஒத்துப்போனது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு கடைக்குத் திரும்பினான்.

கடையில் ஜெயக்கொடி சுவரைக் காலி செய்து வைத்திருந்தாள். சிசிடிவி மானிட்டருக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, தூசி தட்டி, புதுசாக ஒரு பிளக் பாயிண்டுக்கு வயர்கூட இழுத்து விட்டிருந்தாள். ஸ்கிரீனை இங்கேயே மாட்டிவிடலாம், கல்லாவில் உட்கார்ந்தபடியே தெரியும் என்றாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் கடையில் பேட்டரிக்கு அடுத்தபடி விற்பது கேமராதான். கேமரா கொல்லையில் இருக்கும், ஸ்கிரீன் வீட்டில் இருக்கும். பார்க்கவேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதானே ஸ்கிரீன்?

தனசேகரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டான். இது படகில் இருக்கவேண்டியது, கரைக்கு எதையும் அனுப்பாது, ஓட்டுகிறவனுக்குத்தான் வழி காட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

"அப்ப இது யாருக்குத் தெரியறதுக்கு?" என்றாள் ஜெயக்கொடி.

"எனக்கு. நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சா வழி தப்ப மாட்டேன்ல? அதத்தான நீ கேட்ட?"

கோபம் தலைக்கேறினால் அவளுக்கு நீங்க போய் நீ வந்துவிடும்.

"நீ எங்க இருக்கன்னு உனக்கு எப்பதான் தெரியாம இருந்தது? துபாய்ல இருந்தப்பவும் உனக்குத் தெரியும். தெரியாம கெடந்தவ நான்."

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் பேட்டரித் தண்ணீர் கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்தாள். ஜெயக்கொடிக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. வாரக் கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்ட் கேட்டு, பட்டன் பார்த்து, இந்த மனுஷன் நமக்காகத்தான் இவ்வளவும் பண்ணுகிறான் என்று பூரித்துப் போயிருந்தாளே!

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது, படகை விற்றுவிடுகிறேன் என்றான் தனசேகரன். மனசாரத்தான் சொன்னான். அதைக் கேட்டும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. படகை விற்றுவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரில் உட்காரப்போகிற புருஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்கிற மெஷினே உலகத்தில் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது, சிலது சர்க்கார் பர்மிஷன் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது, மற்றதெல்லாம் நம்ம சக்திக்கு மேலே என்றான். போன் சிக்னல் கடலில் எவ்வளவு தூரம் வரும் என்று கேட்டாள். அது தெரியாது, யாரும் அளந்து பார்த்ததில்லை என்றான்.

"அளந்துடலாம். ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றாள்.

புதுச்சேரியில் ரஞ்சித் அவளுக்கு மிதவைச் சட்டையை மாட்டி இறுக்கிக் கட்டி, கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்றுகொண்டான். துறைமுக வாயில் மணல் சேர்கிற இடம். மெஷினில் வருகிற ஆழத்தைப் படித்துச் சொல்லச் சொன்னான் தனசேகரன். எட்டடி என்றாள். ஆறு என்றாள். அஞ்சு என்னும்போது படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் படகுக்கு மூன்றடி போதும், பயப்படாதே என்றான். பிறகு ஒன்பது வந்தது, பதினைந்து வந்தது. மோட்டாரை அணைத்துப் பாயை ஏற்றியதும் ஒரு சத்தமும் இல்லை. வாந்தி வருமே என்று கொண்டுவந்த எலுமிச்சம்பழம் பையிலேயே கிடந்தது. இந்த அமைதிக்காகத்தான் இந்த ஆள் இப்படி அலைகிறானா என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு கண் போனிலேயே இருந்தது. கரை மெலிந்து கோடாகிப் போனபோது சிக்னல் ஒற்றைக் குச்சியாகி, அதுவும் விட்டு விட்டு வந்தது. இங்கேதான் என்று கையைத் தூக்கினாள். தனசேகரன் பட்டனை அழுத்தி அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். கரையை ஒட்டியபடியே போய் இன்னும் இரண்டு இடத்தில் அதே மாதிரி வைத்தான். இந்தப் புள்ளிகளைத் தாண்டி ஒரு முழம் போக மாட்டேன், என் போனைப் பைக்குள் நிழலில் போட்டு வைத்தால், நான் போகிற இடமெல்லாம் அதிலிருந்து உன் போனில் ஓடிக்கொண்டே இருக்கும் என்றான். அவள் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

புள்ளிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று குனிந்து ஒரு பட்டனை அழுத்தினாள். அது தப்பான பட்டன். மேப் சுருங்கிச் சுருங்கி, கடல் ஒரு ஓரமாக ஒதுங்கி, மீதி இடமெல்லாம் வெறும் மஞ்சளாக வந்தது. ரோடு இல்லை, ஊர் இல்லை, ஒரு பேர்கூட இல்லை. செஞ்சி எங்கே என்று கேட்டாள். கடல் மேப்பில் அதெல்லாம் இருக்காது, கப்பலுக்கு எதற்குச் செஞ்சி என்றான் அவன். ஆனால் அந்த மஞ்சளுக்கு நடுவில் கறுப்பாக ஒரே ஒரு புள்ளி இருந்தது. இது யார் வைத்தது என்று கேட்டாள்.

தனசேகரன் சரியாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"நம்ம வீடு" என்றான். "பார்சல் பிரிச்சதும் மொதல்ல அதத்தான் வச்சேன். அங்க துபாய்ல எந்தப் படகுல மெஷின் மாட்டினாலும், வேல செய்யுதான்னு ஒரு புள்ளி வச்சுப் பாக்கணும். நான் நம்ம வீட்டத்தான் வைப்பேன். எந்தப் பக்கம், எவ்ளோ தூரம்னு காட்டும். கொஞ்ச நேரம் பாத்துட்டு இருப்பேன். அடுத்தவன் படகுல நம்ம வீடு இருக்கக் கூடாதுல்ல? அழிச்சுட்டுத்தான் ஓனர்கிட்ட குடுப்பேன்."

ஜெயக்கொடி அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"எத்தினி வெள்ளிக்கெழம போன் பண்ணின. இத ஒரு தரம் சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் உனக்கு?"

வெறும் புள்ளிதானே, அதைப் போய் என்னவென்று சொல்வது என்று அவன் முணுமுணுத்தான். அவள் அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாக வாய்விட்டே அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் படகைத் திருப்புகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று கேட்டாள். வடமேற்கே அறுபத்தைந்து கிலோமீட்டர் என்றான்.

மேப்பைப் பழையபடி பெரிதாக்க அவன் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனான். ஜெயக்கொடி சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க."

"இது நம்ம படகு ஜெயா. எதுக்கு அழிக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவன் படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.