வௌட்டரின் கன்னத்து முத்திரை

1511-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே சந்தைக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு சாண் உயரமுள்ள ஓக் மர யோசேப்பு, சிற்பிகள் சங்கத்தின் சோதனை அதிகாரி வௌட்டரைக் கன்னத்தில் அறைந்தார். காரணம் எல்லோருக்கும் புரிந்தது. ஆண்ட்வெர்ப்பில் செதுக்கும், பலிபீடத்தின்மேல் வைக்கும் கதவுள்ள பேழைகளில், மரம் நன்கு உலர்ந்தது என்பதற்கு அடையாளமாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் உருவங்களின் உச்சந்தலையில் சின்னக் கை வடிவத்தில் ஒரு முத்திரையைச் சுடுவது வழக்கம். வௌட்டர் பதினோரு வருடமாகச் சுட்டுவந்தார். எந்தப் புனிதரும் முணுமுணுத்ததில்லை. இந்த யோசேப்போ இரும்பு நெருங்கியதும் கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார், அறைந்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். அளவாகத்தான் அறைந்தார் என்கிறார்கள் பார்த்தவர்கள்.

கன்னத்தில் பதிந்த குட்டிச் சிவப்புக் கை வெண்ணெய்க்கும் போகவில்லை, வினிகருக்கும் போகவில்லை. வௌட்டர் முத்திரை வைக்காமலே இரும்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பேழையைச் செதுக்கிய விதவை மாக்டெல்ட் வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். இரண்டு வருடம் விரல் தேயச் செதுக்கிய நாற்பத்திரண்டு உருவங்கள். பேழைக்குள் ஒரு முத்திரைகூட இல்லாமல் விற்றால் சங்கம் பட்டறையை மூடிவிடும். வாங்க வந்த சுவீடன் பாதிரியாரின் கப்பலோ வெள்ளிக்கிழமை புறப்படுகிறது.

"ஐயா, பெரிய மனசு பண்ணுங்க. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அவனையே வந்து கேக்கச் சொல்லு!"

யோசேப்பு கேட்கவில்லை. மாக்டெல்ட் வௌட்டரின் சட்டையைப் பிடித்துச் சங்கத்துக்கு இழுத்துப் போனாள். "முத்திரை வேணும்னீங்கல்ல? இந்தா, இவரு மூஞ்சியிலயே இருக்கு, பாத்துக்குங்க!"

பெரியவர்கள் கவராயம் வைத்து அளந்தார்கள். முத்திரை சரியாக இருந்தது. மரச்சுத்தியலால் வௌட்டரின் தலையைத் தட்டிப் பார்த்ததில் நன்கு உலர்ந்த ஓக்கின் சத்தம் கேட்டது. சாட்சிக்கு வந்த அவர் மனைவி டிங்னா சிரித்தேவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரா? பதினெட்டு வருஷமா மரக்கட்டைன்னு நான் கத்திக்கிட்டிருக்கேன். இப்பத்தான் உங்க காதுல விழுந்துச்சா?"

முத்திரை செல்லும், ஆனால் அது பேழைக்குள் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. வெள்ளிக்கிழமை காலை வௌட்டர் பேழைக்குள் மர இடையர்களுக்குப் பக்கத்தில் ஏறினார். முதலில் இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்ததும் உள்ளே அடங்கிவிட்டார். கதவுகளைச் சாத்திக் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே சௌக்கியம் என்றும், திருநாட்களில் கதவைத் திறந்தால் முதலில் தும்முவது அவர்தான் என்றும் பாதிரியார் எழுதியிருந்தார்.

மாக்டெல்டுக்குத்தான் மனது கேட்கவில்லை. மிச்சமிருந்த ஓக்கில் ஆளுயர வௌட்டர் ஒருவரைச் செதுக்கி டிங்னாவிடம் கொடுத்தாள். டிங்னா அவரை அடுப்பருகே உட்காரவைத்தாள்; இப்போதெல்லாம் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். சங்கம் அந்த மர வௌட்டரையே மறுபடி சோதனை அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தது. மாக்டெல்டின் அடுத்த பேழைக்கு அரை நாளில் முத்திரை விழுந்தது. இருபது வருடம் அவர் அந்தப் பதவியில் இருந்தார். சிற்பிகளிடமிருந்தும் சரி, புனிதர்களிடமிருந்தும் சரி, ஒரு புகார்கூட வந்ததில்லை.