பின்பக்கத்துக்கு மார்க் இல்லை

"நான் அம்மாவை என் பக்கமாத் திருப்பிப் பிடிச்சுக்கறேன், நீ முதுகைத் துடை" என்றாள் அக்கா. ஈரத்துணியோடு போன தங்கையின் கை பாதியில் நின்றது.

"அக்கா, இதென்ன?"

விடியற்காலையில் இறந்துபோன அம்மாவின் இடுப்புக்குக் கீழே, பவுடர் அப்பிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"படுத்துப் படுத்து வந்ததா? உன் வீட்லதானே இருந்தாங்க. உனக்குத் தெரியாதா?"



கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. பெயின்ட் பூசிய இரும்புத் தகடுகளை மாதக்கணக்கில் கடல்நீரில் ஊறவைத்து, எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து மார்க் போடுவாள். கடுகளவு கொப்புளம்கூடத் தப்பாது. அம்மா இடுப்பெலும்பு உடைந்து படுத்தபோது, "நான் கூட்டிட்டுப் போறேனே" என்று கெஞ்சிய தங்கையிடம், "உன் கண்ல எதுடி படும்?" என்று சிரித்தவள் அவள்.

வேலை முடிந்து வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள்.

"இன்னிக்கு எனக்கு எவ்வளவு மார்க்குடி?"

"பத்துக்குப் பத்தும்மா."

"முதுகுக்கு?"

"தகட்டோட பின்பக்கத்துக்கு நாங்க மார்க் போடறதில்லையே."

"அப்ப நான் பாஸ்" என்று அம்மா குலுங்கிச் சிரிப்பாள்.

கதவோரம் நின்றிருந்தாள், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண். "சொல்லிடலாம்னுதான் சொன்னேன். 'அவ அலுத்துப்போய் வர்றா, என் மூஞ்சியைப் பாத்தாவது சந்தோஷப்படட்டும்'னாங்க பெரியம்மா. நான் மருந்து போட்டுட்டுதாங்க இருந்தேன்."

தங்கை திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கூடத்திலிருந்து தங்கையின் கணவர் குரல் கொடுத்தார். "ஆச்சா? வண்டி வந்துடுச்சு."

"புடவை கட்டிட்டா யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள் தங்கை, தணிந்த குரலில். "விடு."

"இல்ல. நீ இந்தப் பக்கம் வந்து பிடி. துணியை என்கிட்ட குடு."

வாளித் தண்ணீரை மாற்றச் சொன்னாள். கடலிலிருந்து எடுத்த தகட்டை அவள் ஒருநாளும் தேய்த்ததில்லை. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித்தான் எடுப்பாள். அப்படியே, சுருக்கங்களில் திட்டுத்திட்டாய் உறைந்திருந்த பவுடரை ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

வெளியே வண்டி ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்தாள்.