பன்னிரண்டு டைல்ஸ்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு வாய்த்த கணவர் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் ஒரு அறையின் வாசலில் நின்று நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை டைல்ஸ் வேண்டும், மூலைகளுக்கு எத்தனை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் ஒன்று கூடவோ குறையவோ இருக்காது.

"நான் போர்டுல எழுதிப் போடறத நீங்க முட்டி போட்டே முடிச்சிடறீங்க" என்பாள் அவள்.

"முட்டி தேயுதே, அது உங்க போர்டுல வராதே டீச்சரம்மா" என்பார் அவர்.

வகுப்பிலிருந்த கணக்கு விளையாட்டுப் பெட்டியில் பாதி அவருடைய கைவேலைதான். மிஞ்சிய டைல்ஸைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பிள்ளைகளின் விரலைக் கிழிக்காதபடி விளிம்பைத் தேய்த்துக் கொண்டுவருவார். பின்னம் சொல்லித்தர ஒரு முழுப் பட்டை, அதே நீளத்துக்கு இரண்டு அரை, நான்கு கால், எட்டு அரைக்கால் என்று பலகையில் அறுத்துக் கொடுத்திருந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வகுப்புக்கே வருவார். பிள்ளைகளுக்கு அவர் டைல்ஸ் மாமா. ஒவ்வொரு குழுவுக்கும் பன்னிரண்டு சதுரங்கள். அவற்றை வைத்து எத்தனை விதமாகச் செவ்வக வீடு கட்டலாம், சுற்றிலும் உள்ள டைல்ஸ் பக்கங்களை எண்ணினால் எந்த வீட்டுக்கு வேலி அதிகம் பிடிக்கும் என்பதுதான் விளையாட்டு. ஒரு வருஷம் பன்னிரண்டையும் ஒரே வரிசையாக அடுக்கிய ஒரு சிறுமி, "இருபத்தாறு பக்கம் வேலி! ஆனா மாமா, இந்த வீட்ல புரண்டு படுத்தா வெளிய விழுந்துடுவாங்க" என்றாள். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள், யார் வீட்டுக் குளியலறையிலோ வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். கூட வேலை பார்த்த அவருடைய தம்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிர் தப்பியது. ஒரு மாதத்தில் பேச்சு வந்தது. நான்கு மாதத்தில் வலது கையும் ஏறக்குறைய பழையபடி ஆனது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

அன்று தம்பி சாப்பிட வந்திருந்தான். "தட்டு மூணு எடுத்து வைங்க" என்று அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். வந்து பார்த்தால், அலமாரியில் இருந்த அத்தனை தட்டும் மேஜைமேல் வரிசையாக இருந்தது. கையில் கடைசித் தட்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

"போதும்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

தம்பி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மூளையில எண்ணுக்கான இடம் அடிபட்டிருக்கு. திரும்பினாலும் திரும்பலாம். கையில பொருளைக் குடுத்து எண்ண வச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். பதினைந்து வருஷமாக அவள் செய்துவந்ததே அதுதான். மறுநாளே பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

தினமும் சாயங்காலம் மேஜையில் பகடை, மணி, பின்னப் பட்டை, டைல்ஸ். அவர் முகம் கழுவி, தலை வாரி, பிள்ளை மாதிரி வந்து உட்காருவார். நாலு வரை நன்றாகப் போகும். அப்புறம் ஒன்பது வரும், இரண்டு வரும், எங்கிருந்தோ இருபது வரும். "அருமை, இன்னொரு தடவை" என்பாள் முதலில். நாளாக ஆக "கவனிங்க" என்றாள். பிறகு அதுவும் போய்ப் பெருமூச்சு வந்தது.

அன்றைக்கு ஆறு மணிகளை இரண்டு பேருக்குப் பங்கிடச் சொன்னாள். அவர் தன் பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் அவள் பக்கம் தள்ளினார்.

"சின்னப் புள்ளைங்க செய்யுதுங்க! உங்களுக்கு வரலையா?" என்று கத்திவிட்டாள்.

எந்தப் பிள்ளையிடமும் அவள் சொல்லாத சொல் அது. அவர் மணிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினார். "எனக்கு ஒண்ணு போதும். உனக்கு நெறைய இருக்கட்டும்னு வச்சேன்" என்றார்.

சில வாரங்கள் கழித்து, "இந்த வருஷம் புள்ளைங்களப் பாக்க எப்ப வரணும்?" என்று அவரே கேட்டார். அவள் மழுப்பிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

வகுப்புக்குள் நுழைந்ததும் வழக்கம்போல முட்டி போட்டு உட்கார்ந்தார். கை எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு சதுரத்தையும் வைத்து, விரலால் தட்டி, இடுக்கு நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும்படி அடுக்கினார். சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"மாமா, இந்த வீட்டுக்கு எத்தனை பக்கம் வேலி?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

அவர் விரலை ஓரத்தில் வைத்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." விரல் நின்றது. "ஒன்பது" என்றார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. டீச்சர் ஓடிவந்து பேச்சை மாற்றப் பார்ப்பதற்குள் அவரே சொன்னார்: "மாமாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு கண்ணு. எண்ணிக்கை மறந்துபோச்சு. நீ எண்ணிச் சொல்றியா?"

அந்தப் பெண் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்த்தி, சத்தமாகப் பதினாலு வரை எண்ணினாள். ஒவ்வொரு எண்ணுக்கும், முன்பின் தெரியாத ஆளை அறிமுகப்படுத்தினால் தலையாட்டுவதுபோல அவர் தலையாட்டினார். டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பி, அதில் ஒன்றும் எழுதாமலிருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டு டைல்ஸ் வெட்டும் மெஷினைக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே அண்ணி" என்றான் தம்பி, அவளைப் பார்த்து.

"எடுத்துக்கப்பா. அவராத்தானே குடுக்கறார்" என்றாள். பெட்டியையும் அவள் பள்ளிக்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எதையும் எண்ணச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் இருவரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார்கள்.

அப்படி நடக்கும்போது ஒரு நாள் கேட்டார்: "நமக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினேழு."

அவர் அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"பதினேழுன்னா நெறையவா, கொஞ்சமா?"

அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்தாங்க" என்றாள்.